அழிப்பானும் அச்சும்: மூலக்கூறை அடையாளம் காணும் பலபடி

ஏழாம் வகுப்பில் 'பலபடி வேதியியல்' பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். காகிதக் கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்கிக் காட்டுவேன். ஒரு கிளிப் என்பது மோனோமர். முழுச் சங்கிலி பலபடி. பிள்ளைகள் வரையறையை எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் சரியாக எழுதுவார்கள். அதோடு பாடம் முடிந்துவிடும்.

நான் அறிவியல் கற்பிப்பது மூக்கண்டப்பள்ளியில். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதி இது. என் வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளைகளோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகளும், ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர்களில் பலர் ஷிப்டு வேலைக்குச் செல்பவர்கள். பலபடி என்ற சொல்லைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அதை உருக்கும் வாசனையை அப்பாவின் சட்டையில் முகர்ந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். இதை நான் பாடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை என்பது சென்ற ஆண்டுதான் எனக்கு உறைத்தது.

சென்ற ஆண்டு இந்தப் பாடத்தின் முடிவில், மூலக்கூறு அச்சுப் பதித்த பலபடிகளைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். இது பாடநூலில் இல்லாத செய்தி. ஆனால் ஒரு நெகிழியால் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை 'அடையாளம் காண' முடியும் என்பது பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும் என்று தோன்றியது.

முதல் முயற்சி

ஒரு கொட்டாங்குச்சியில் பிசைந்த களிமண்ணை நிரப்பினேன். அதில் ஒரு கோலிக்குண்டு, ஓர் அறுகோண நட்டு, ஒரு பாட்டில் மூடி ஆகியவற்றை அழுத்தி எடுத்தேன். மூன்று குழிகள் கிடைத்தன. பிறகு பல பொருள்களைக் கலந்து வைத்து, எந்தக் குழிக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். வகுப்பு கலகலப்பானது.

"இதேபோலத்தான் பலபடியில் மூலக்கூறின் அச்சு பதிகிறது. அதே மூலக்கூறு வந்தால் குழியில் பொருந்தும். வேறு மூலக்கூறு வந்தால் பொருந்தாது" என்று விளக்கினேன்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்து வந்தான். வீட்டில் தெலுங்கு பேசுபவன். வகுப்பில் அதிகம் பேசாதவன். மீதிக் களிமண்ணைக் கோலிக்குண்டின் அளவுக்கு உருட்டி, அந்தக் குழியில் வைத்தான்.

"இதுவும் பொருந்துது டீச்சர்."

அடுத்து ஒரு புளியங்கொட்டையைப் போட்டான். அதுவும் உள்ளே போய்விட்டது. "உள்ள இருக்கிறது கோலிதானான்னு குழிக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. நான், "இது சும்மா ஒரு மாதிரிதான்ப்பா, போய் உட்காரு" என்றேன். அவன் போய் உட்கார்ந்தான். மணி அடித்தது.

அன்று மாலை பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவன் குறும்பு செய்யவில்லை. நான் காட்டிய மாதிரியைச் சோதித்துப் பார்த்தான். அறிவியல் பாடத்தில் நாம் செய்யச் சொல்வதும் அதைத்தானே? அதைச் செய்த ஒரு பிள்ளையை நான் உட்கார வைத்துவிட்டேன். இனி அவன் எழுந்து வருவானா என்பதுதான் என்னை உறுத்தியது.

மறுநாள் கரும்பலகையில் முதல் வரியாக அவன் கேள்வியை எழுதினேன்: 'உள்ளே இருப்பது கோலிதானா என்று குழிக்கு எப்படித் தெரியும்?' பிறகு, "நேற்று நான் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதி இந்தக் கேள்வியில் இருக்கிறது" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன்.

வடிவம் மட்டும் போதாது

நம் உடலில் இப்படிப்பட்ட அடையாளம் காணும் வேலையை நொதிகளும் எதிர்ப்பொருள்களும் ஏற்பிகளும் செய்கின்றன. நொதிக்கும் அது வினைபுரியும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தை 1894ஆம் ஆண்டு எமில் ஃபிஷர் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். ஆனால் சாவி நுழைவது மட்டும் போதாது. உள்ளே பற்றிக்கொள்ளவும் வேண்டும். மூலக்கூறுகளில் இந்தப் பற்றுதலைச் செய்பவை ஹைட்ரஜன் பிணைப்பு, எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு போன்ற விசைகள். குழியின் சுவரில் சரியான இடத்தில் சரியான வேதித்தொகுதி இருந்தால்தான் மூலக்கூறு அங்கே தங்கும்.

அந்தச் சரியான இடத்தில் வேதித்தொகுதியை யார் கொண்டுபோய் வைப்பது? இங்கேதான் இந்தத் தொழில்நுட்பத்தின் நுட்பம் இருக்கிறது. யாரும் வைக்க வேண்டியதில்லை. மூலக்கூறே தனக்கு வேண்டியவற்றைத் தன்னைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கிறது.

தயாரிப்பு நான்கு படிகளில் நடக்கிறது. முதலில், நாம் கண்டறிய விரும்பும் மூலக்கூறை ஒரு கரைப்பானில் கரைத்து, மெத்தக்ரிலிக் அமிலம் போன்ற மோனோமரைச் சேர்க்கிறார்கள். மோனோமர்கள் அந்த மூலக்கூறின் குறிப்பிட்ட இடங்களில் போய்ப் பற்றிக்கொள்கின்றன. இரண்டாவதாக, சங்கிலிகளைக் குறுக்கே இணைக்கும் சேர்மத்தை அதிக அளவில் சேர்க்கிறார்கள். மூலக்கூறு, மோனோமர், குறுக்கிணைப்பான் ஆகியவற்றை 1 : 4 : 20 என்ற மோல் விகிதத்தில் எடுப்பது பரவலான வழக்கம். மூன்றாவதாக, வெப்பத்தாலோ புறஊதாக் கதிராலோ பலபடியாக்கல் நடக்கிறது. குறுக்குப் பிணைப்புகள் மிகுதி என்பதால் பலபடி கெட்டியாக இறுகி, மோனோமர்கள் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. கடைசியாக, கரைப்பானால் கழுவி அந்த மூலக்கூறை வெளியேற்றுகிறார்கள். அது இருந்த இடத்தில் குழி மிஞ்சுகிறது. குழியின் சுவரில் பற்றும் தொகுதிகள் அதே இடங்களில் காத்திருக்கின்றன.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அதே மாணவன், "எங்கப்பா கம்பெனியில நடக்கிறதுக்கு இது தலைகீழ் டீச்சர்" என்றான். அவன் அப்பா பிளாஸ்டிக் மோல்டிங் நிறுவனத்தில் இயந்திரம் ஓட்டுபவர். அங்கே எஃகு அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் பாய்ந்து மூடியாகவோ கைப்பிடியாகவோ வெளியே வரும். இங்கே பிளாஸ்டிக்கே அச்சு, மூலக்கூறுதான் பொருள். அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். வரையறையைவிட அது தெளிவாக இருந்தது.

காஃபியும் ஒரு மருந்தும்

இந்தப் பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தியோஃபிலின் என்பது ஆஸ்துமாவுக்குத் தரப்பட்டு வரும் மருந்து. இரத்தத்தில் இதன் அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் ஆபத்து. ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட அளவு. எனவே இரத்தத்தில் அதை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நாம் குடிக்கும் காஃபியில் உள்ள கஃபீனும் தியோஃபிலினும் ஏறத்தாழ ஒரே உருவம் கொண்டவை. தியோஃபிலினில் இரண்டு மெத்தில் தொகுதிகள், கஃபீனில் மூன்று. வேறுபாடு அவ்வளவுதான்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் மோஸ்பாக்கும் அவருடைய குழுவினரும் 1993ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், தியோஃபிலின் அச்சுப் பதித்த பலபடி இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்தறிந்தது. கஃபீனுடன் அது காட்டிய ஈடுபாடு 1 சதவீதத்துக்கும் குறைவு. விலங்குகளிடமிருந்து பெறும் எதிர்ப்பொருளுக்கு ஈடான திறன் இது. கூடுதலாக உள்ள ஒரு மெத்தில் தொகுதி இடத்தை அடைக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தேவையான ஹைட்ரஜனும் அந்த இடத்தில் இல்லை. வடிவம், பற்றுதல் இரண்டுமே தடைபடுகின்றன.

காந்தம் வைத்த அச்சு

இனி களிமண் மாதிரியைத் திருத்த வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து யோசித்து உருவாக்கிய செயல்பாடு இது.

தேவையானவை: ஒரே அளவுள்ள மூன்று அழிப்பான்கள், இரும்பாலான டிராயிங் பின்கள் நான்கு, சிறிய பொத்தான் காந்தங்கள் இரண்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கொட்டாங்குச்சி, தேங்காய் எண்ணெய், ஒரு துண்டுத் தாள்.

1. முதல் அழிப்பானின் அடிப்பக்கத்தில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பின்களைக் குத்தவும். இதுவே நாம் கண்டறிய விரும்பும் மூலக்கூறு.
2. அழிப்பானின் பக்கங்களைச் சுற்றித் தாளை ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணெய் தடவவும். அடிப்பக்கத்திலும் மெல்லிதாகத் தடவவும்.
3. காந்தங்களைப் பின்களின் அருகே கொண்டு போகவும். அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளும். இவை மோனோமர்கள்.
4. கரைத்த பிளாஸ்டரைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி, அழிப்பானைக் காந்தங்களோடு அதில் அழுத்தி வைக்கவும். மேல்பகுதி சிறிது வெளியே தெரிய வேண்டும். பிளாஸ்டர் இறுகுவதுதான் குறுக்கிணைப்பு.
5. நன்றாக இறுகிய பின் அழிப்பானை மெதுவாக இழுத்து எடுத்து, தாளையும் நீக்கவும். காந்தங்கள் பிளாஸ்டரிலேயே தங்கிவிடும்.
6. இப்போது மூன்று அழிப்பான்களையும் ஒவ்வொன்றாகக் குழியில் வைத்து, கொட்டாங்குச்சியைத் தலைகீழாகக் கவிழ்க்கவும். முதலாவது பின் குத்திய அதே அழிப்பான். இரண்டாவது பின் இல்லாதது. மூன்றாவது வேறு இரண்டு மூலைகளில் பின் குத்தியது.

மூன்றுமே குழிக்குள் பொருந்துகின்றன. ஆனால் கவிழ்த்தபோது முதலாவது மட்டுமே விழாமல் நின்றது. பிளாஸ்டர் கரைக்கும்போது அது சூடாகும். வெறுங்கையால் அளைய விடாமல் குச்சியால் கலக்கச் செய்யுங்கள். காந்தங்களைச் செயல்பாடு முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்வது நல்லது. சிறு பிள்ளைகள் விழுங்கிவிட்டால் பேராபத்து.

முதல் முறை செய்தபோது எண்ணெய் தடவ எனக்குத் தோன்றவில்லை. அழிப்பான் பிளாஸ்டரில் சிக்கி, பாதி கிழிந்து வந்தது. "எங்கப்பா அச்சுல மொதல்ல ஸ்ப்ரே அடிப்பாராம் டீச்சர். இல்லன்னா ஒட்டிக்குமாம்" என்று அந்த மாணவன்தான் வழி சொன்னான். முதல் நாள் உட்கார வைக்கப்பட்டவன், அன்று முழு வகுப்புக்கும் எண்ணெய் தடவிக் காட்டினான். கிழிந்த அழிப்பானையும் நான் வீணாக்கவில்லை. உண்மையான பலபடியிலும் மூலக்கூறின் ஒரு பகுதி கழுவியும் போகாமல் உள்ளேயே தங்கிவிடும். பிறகு சோதனையின்போது கசிந்து வந்து அளவீட்டைக் குழப்பும். ஆய்வாளர்கள் இன்றும் போராடும் குறைகளில் இதுவும் ஒன்று என்று சொன்னேன்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இன்னொரு கேள்வியையும் எழுப்பலாம். பலபடி அந்த மூலக்கூறைப் பிடித்தது குழியால்தானா, அல்லது அந்தப் பலபடி எதையும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையதா? இதை அறிய, மூலக்கூறைச் சேர்க்காமல் அதே முறையில் இன்னொரு பலபடியைத் தயாரித்து ஒப்பிடுவார்கள். நம் செயல்பாட்டில் அழிப்பானை வைக்காமல் காந்தங்களை மட்டும் பிளாஸ்டரில் கலந்து ஊற்றினால் அந்த ஒப்பீட்டு மாதிரி கிடைக்கும். கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக நான் புரியவைத்ததில்லை.

உணரி எப்படிப் பேசுகிறது?

குழியில் மூலக்கூறு அமர்ந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்? ஏற்பி பிடிக்கும், அந்தச் செய்தியை நாம் படிக்கக்கூடிய குறிப்பாக மாற்ற இன்னொரு பகுதி வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் வேதி உணரி.

ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க டைட்டன் கைக்கடிகாரம் போதும். குவார்ட்ஸ் கடிகாரத்தில் உள்ள சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது 2இன் 15ஆம் அடுக்கு. கணித ஆசிரியரும் சேர்ந்துகொள்ளலாம். உணரிகளில் நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் மெல்லிய குவார்ட்ஸ் வில்லையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் மேல் அச்சுப் பதித்த பலபடியைப் பூசினால், மூலக்கூறுகள் குழிகளில் அமரும்போது எடை மிகச் சிறிதளவு கூடி அதிர்வெண் குறையும். அந்தக் குறைவை அளந்தால் மூலக்கூறின் அளவு தெரியும்.

மின்முனையைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. வாராணசியில் உள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பீம் பாலி பிரசாத் குழுவினர் பென்சிலின் கிராஃபைட் குச்சியையே மின்முனையாக்கி, அதன் மேல் அச்சுப் பதித்த பலபடியைப் பூசி உணரிகளை உருவாக்கியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் பென்சில் முனையை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்கள்.

மாதிரி உடைந்த இன்னொரு கதை

வகுப்பில் என் மாதிரி உடைந்ததைப் பற்றி எனக்கிருந்த கூச்சம், இந்தத் துறையின் வரலாற்றைப் படித்தபோது குறைந்தது. 1940ஆம் ஆண்டு லைனஸ் பாலிங், நம் உடலில் எதிர்ப்பொருள்கள் எப்படி உருவாகின்றன என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார். அயல்பொருளையே அச்சாகக் கொண்டு அதைச் சுற்றி எதிர்ப்பொருள் மடிந்து உருவம் பெறுகிறது என்றார். பின்னாளில் அது தவறு என்று தெரியவந்தது. உடல் பல்வேறு எதிர்ப்பொருள்களை முன்பே வைத்திருக்கிறது; பொருந்துவதை மட்டும் பெருக்குகிறது.

ஆனால் பாலிங்கின் மாணவர் ஃபிராங்க் டிக்கி அந்த அச்சுக் கருத்தை வேதியியலில் சோதித்தார். நம் ஆய்வகத்தில் காட்டியாகப் பயன்படுத்தும் மெத்தில் ஆரஞ்சைச் சேர்த்துச் சிலிக்கா ஜெல்லைத் தயாரித்து, பின் அதைக் கழுவி நீக்கினார். அந்த ஜெல் மற்ற சாயங்களைவிட மெத்தில் ஆரஞ்சையே நன்றாகப் பற்றியது. ஆய்வு 1949இல் வெளியானது. உடலைப் பற்றித் தவறாகிப்போன ஒரு மாதிரி, ஆய்வகத்தில் பலன் தந்தது. பலபடியில் இந்த அச்சைப் பதிக்கும் முறையை 1972இல் ஜெர்மனியின் குந்தர் உல்ஃப் கொண்டுவந்தார். மோஸ்பாக் குழுவினர் 1980களில் அதை மேலும் எளிமையாக்கினர்.

நுரையைப் பற்றிய கேள்வி

பாடத்தின் கடைசி நாளில் ஒரு மாணவி கேட்டாள்: "கெலவரப்பள்ளி டேம்ல வர்ற நுரையில என்ன இருக்குன்னு இந்த சென்சார வெச்சுக் கண்டுபிடிக்கலாமா டீச்சர்?"

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூர் அருகே நம் மாநிலத்துக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது மலைபோல எழும் வெண்ணுரையை எங்கள் பிள்ளைகள் நேரிலும் செய்தியிலும் பார்த்தவர்கள். அதே தண்ணீரில்தான் கீழே பயிர் விளைகிறது.

'முடியும்' என்று சொல்லி அவளை மகிழ்விக்க எனக்கு ஆசைதான். ஆனால் முன்பே ஒருமுறை பாதி உண்மை சொல்லி மாட்டிக்கொண்டவள் நான். எனவே இப்படி விளக்கினேன்: அச்சுப் பதித்த பலபடி எந்த மூலக்கூறுக்காகச் செய்யப்பட்டதோ அதைப் பற்றி மட்டுமே பதில் சொல்லும். 'இந்தத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது?' என்று அதனிடம் கேட்க முடியாது. 'இந்தப் பூச்சிக்கொல்லி இருக்கிறதா, எவ்வளவு?' என்றுதான் கேட்க முடியும். நுரைக்குக் காரணம் சலவைத்தூளில் உள்ளதைப் போன்ற பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள். ஆனால் கழிவுநீரில் அவை மட்டும் இருப்பதில்லை. முதலில் அமிலத்தன்மை, கரைந்துள்ள ஆக்சிஜன் போன்ற பொதுவான சோதனைகள். பிறகு எதைத் தேடுவது என்ற முடிவு. அதன் பிறகே இப்படிப்பட்ட உணரிக்கு வேலை.

அதன் குறைகளையும் சொன்னேன். எல்லாக் குழிகளும் ஒன்றுபோல அமைவதில்லை. நீர் மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பில் போட்டியிடுவதால், கரிமக் கரைப்பானில் நன்றாக வேலை செய்யும் பலபடி தண்ணீரில் தடுமாறலாம். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு அச்சுப் பதிப்பது கடினம். வெப்பத்தையும் அமிலத்தையும் தாங்குவது, குளிர்பதனப் பெட்டி தேவைப்படாதது, மலிவாகச் செய்ய முடிவது ஆகியவை இதன் பலங்கள். மாதிரி நீரிலிருந்து ஒரு குறிப்பிட்ட மாசைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் இந்தப் பலபடிகளை விலைக்கு வாங்கியே பயன்படுத்துகின்றன.

பிள்ளைகளை அணைக்கு அழைத்துச் செல்லவில்லை. அந்த நுரையைத் தொடவோ புட்டியில் பிடித்து வரவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதற்குப் பதிலாக, ஆற்றுநீரைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகளை ஆளுக்கு ஒன்று எழுதி வரச் சொன்னேன். 'இதைக் குடிக்கும் மாட்டின் பாலில் அது வருமா?' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். 'நுரை இல்லாத நாளில் தண்ணீர் சுத்தமா?' என்று இன்னொருவன். அந்தத் தாள்கள் இப்போதும் வகுப்பறைச் சுவரில் இருக்கின்றன.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அணுவைச் சூரியக் குடும்பத்துக்கும், மின்னோட்டத்தை நீரோட்டத்துக்கும், நொதியைப் பூட்டு சாவிக்கும் நாம் ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் ஒப்பிட்டு முடித்ததும், 'இந்த ஒப்புமை எந்த இடத்தில் பொருந்தாது?' என்று பிள்ளைகளிடமே கேட்டுவிடுங்கள். என் வகுப்பில் இப்போது ஒவ்வொரு மாதிரிக்கும் கடைசி ஐந்து நிமிடம் இதற்குத்தான். முதலில் கை தூக்குபவன் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசை மாணவன்தான்.